குழுவாக உட்கார்ந்து புது யோசனை பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் 4 பேரிலிருந்து 20 பேர் வரை வேலை பார்க்கும் இடங்களை மனதில் வைத்து எழுதியது இது: தங்கும் விடுதி, மருந்துக்கடை, டியூஷன் சென்டர், முந்திரி யூனிட், மகளிர் சுய உதவிக் குழு, தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பட்டறை. இங்கே சொல்லியிருக்கும் எந்தப் பயிற்சியும் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. செலவு பேப்பரும் பேனாவும்தான்.

எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் யோசனை வராதா? இதற்கு ஒரு பயிற்சி வேறயா?

வரும். ஆனால் அதே ஆட்கள் தனித்தனியாக எழுதினால் வருவதைவிடக் குறைவாகத்தான் வரும்.

அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1940-களில் 'பிரெயின்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பினார். அவர் வைத்த விதிகள் 4: இப்போதைக்குக் குறை சொல்லாதே, எண்ணிக்கையைக் கூட்டு, கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் சொல், அடுத்தவர் சொன்னதை எடுத்து வளர்த்துக்கொண்டு போ. விதிகளில் பழுதில்லை. ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 4 பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசியது ஒரு பக்கம். 4 பேர் தனித்தனி அறையில் யோசித்ததைத் திரட்டி, ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்தது இன்னொரு பக்கம். தனித்தனியாக யோசித்தவர்கள்தான் அதிகம் கொண்டுவந்தார்கள். ஏன் என்று 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தார்கள். பெரிய காரணம் கூச்சமோ சோம்பலோ இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதுதான். காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனையை மறக்காமல் பிடித்து வைத்திருப்பதிலேயே மூளை செலவாகிறது. முறை வருவதற்குள் "அதான் அவரே சொல்லிட்டாரே" என்று தானே அதைக் கைவிட்டும் விடுகிறார்கள்.

அதனால் கீழே வரும் பயிற்சிகள் எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு மாறாது. முதலில் எல்லாரும் வாய் திறக்காமல் எழுத வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். மற்றதெல்லாம் உங்கள் வசதிக்குத் தக்க மாற்றிக்கொள்ளுங்கள், இதை மட்டும் மாற்றாதீர்கள்.

எதைப் பற்றி யோசிக்கச் சொல்வது?

பாதிக் கூட்டங்கள் வீணாவது இங்கேதான். "விற்பனையைக் கூட்டுவது எப்படி?" என்று பலகையில் எழுதினால் என்ன வரும்? ஆஃபர் போடலாம், நோட்டீஸ் அடிக்கலாம், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடலாம். கன்னியாகுமரியில் கேட்டாலும் காஷ்மீரில் கேட்டாலும் இதேதான் வரும், ஏனென்றால் கேள்வியில் உங்கள் கடையே இல்லை.

ஒரு உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் 8 அறை உள்ள ஒரு சின்ன விடுதி. சனி, ஞாயிறு நிரம்பி வழிகிறது. திங்கள் முதல் வியாழன் வரை காற்று வாங்குகிறது. கேள்வியை மூன்று விதமாக எழுதலாம்.

"வியாபாரத்தைப் பெருக்குவது எப்படி?" ரொம்ப அகலம்.

"செவ்வாய்க்கிழமைக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி தரலாம்?" ரொம்பக் குறுகல். தள்ளுபடிதான் பதில் என்று முன்னாலேயே முடிவு செய்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது எண் மட்டும்.

"திங்கள் முதல் வியாழன் வரை யார், எந்த வேலையாகப் புதுச்சேரிக்கு வந்து ஓர் இரவு தங்க வேண்டியிருக்கிறது?" இதுதான் சரியான அளவு. நாள் இருக்கிறது, ஆள் இருக்கிறார், இடம் இருக்கிறது. பதில் மட்டும் இல்லை.

கேள்வி தேறுமா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முந்தின நாள் சம்பந்தமில்லாத ஒருவரிடம் அதைக் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் மூன்று வெவ்வேறு ரகமான பதில் வந்தால் நல்ல கேள்வி. மூன்றும் ஒரே ரகம் என்றால் குறுகல். "எதைப் பத்திக் கேக்கறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அகலம்.

என்னென்ன வேண்டும்? எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

ஒரு குழுவுக்கு 4 முதல் 6 பேர். 7-க்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஏ4 தாள் ஆளுக்கு 3, ஒரே நிறத்தில் பேனா எல்லாருக்கும், சார்ட் பேப்பர் 2, மாஸ்கிங் டேப், செல்போனில் டைமர். ஆளாளுக்கு வேறு நிறப் பேனா கொடுக்காதீர்கள். எது யார் எழுதியது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

ஸ்டிக்கி நோட்டு வாங்கினால் 3-க்கு 3 அங்குலம். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில், அதுவும் சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில், அது நிற்காது. மின்விசிறியைப் போட்டதும் பொலபொலவென்று உதிரும். சுவரில் நேரடியாக ஒட்டாமல் சார்ட்டை டேப் போட்டு மாட்டி அதன்மேல் ஒட்டுங்கள். கட்டிலிருந்து உரிக்கும்போது கீழிருந்து மேலாகத் தூக்காமல் பக்கவாட்டில் இழுத்து உரித்தால் சீட்டு சுருளாது. கிடைக்கவில்லையென்றால் ஏ4 தாளை 8 துண்டாக வெட்டித் தரையில் பரப்பினாலும் போதும். தரைக்கு ஒரு நன்மையும் உண்டு: எல்லாரும் சுற்றி உட்காரும்போது தலைமாடு என்று ஒன்று இருக்காது.

நேரம் காலை 10-லிருந்து 11:30-க்குள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் ஏப்பம்தான் வரும்.

இதுவரை செய்ததே இல்லை. முதலில் எதில் தொடங்கலாம்?

6-3-5-ல். 1968-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பேர்ண்ட் ரோர்பாக் வகுத்த முறை. 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடத்துக்கு ஒரு சுற்று. 6 சுற்று முடிந்தால், அதாவது 30 நிமிடத்தில், தாளில் 108 யோசனை இருக்கும்.

தாளைப் படுக்கைவாட்டில் வைத்து 3 பத்தி, 6 வரிசையாகக் கோடு போடுங்கள். மொத்தம் 18 கட்டம். உச்சியில் கேள்வியை எழுதுங்கள். ஆளுக்கு ஒரு தாள்.

டைமரைத் தட்டியதும் ஒவ்வொருவரும் முதல் வரிசையில் 3 யோசனை எழுத வேண்டும். யாரும் பேசக் கூடாது. 5 நிமிடம் ஆனதும் தாளை வலப்பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். வந்த தாளில் மேலே இருப்பதைப் படித்துவிட்டு இரண்டாம் வரிசையை நிரப்ப வேண்டும். மேலே இருப்பதை வளர்க்கலாம், திருப்பலாம், இரண்டைச் சேர்க்கலாம், தொடர்பே இல்லாமல் புதிதாகவும் எழுதலாம். இப்படியே தாள் ஒரு சுற்றுச் சுற்றி வரும்.

அந்த விடுதியில் ஒரு தாளின் ஒரு பத்தி மட்டும் எப்படி வளரலாம் என்று பாருங்கள். கார் ஓட்டுபவர் முதலில் எழுதுகிறார்: "ஜிப்மருக்கு வெளியூர்லேர்ந்து வர்றவங்க, மறுநாள் காலையிலயே ஓ.பி.க்கு நிக்கணும்னு முந்தின நாள் ராத்திரியே வந்துடுறாங்க." அடுத்தது சமையல்காரம்மா: "அவங்களுக்குப் பத்தியச் சாப்பாடு. கஞ்சி, ரசம் சாதம்." வரவேற்பில் இருக்கும் பெண்: "செக்-அவுட் 11 மணின்னு இல்லாம, ஆஸ்பத்திரி முடிஞ்சு வர்ற வரைக்கும் பையை வெச்சுக்கலாம்." கணக்குப் பார்ப்பவர்: "அறை, காலை 6 மணிக்கு ஆட்டோ, டிபன் மூணும் சேர்த்து ஒரே ரேட்." துப்புரவுப் பணியாளர்: "தரைத்தளத்துல ரெண்டு ரூம் ஒதுக்கணும், வயசானவங்க படி ஏற மாட்டாங்க." மேனேஜர் கடைசியில் வருகிறார்: "திரும்ப செக்-அப்புக்கு வர்ற தேதியைக் கேட்டு அன்னிக்கே புக் பண்ணிக் குடுத்துடலாம்."

இதில் எந்த வரியும் தனியாகப் பார்த்தால் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் கார் ஓட்டுபவருக்குத் தெரிந்தது மேனேஜருக்குத் தெரியாது, படி ஏறுகிற சிரமம் அறையைக் கூட்டுபவர் கண்ணில்தான் படும். வாயால் பேசும் கூட்டத்தில் இவர்களில் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கே கெடும்? மூன்று இடத்தில். முதல் சுற்றுக்கு 5 நிமிடம் அதிகம், 2 நிமிடத்திலேயே முடித்துவிட்டு விட்டத்தைப் பார்ப்பார்கள். கடைசிச் சுற்றுக்கு 5 போதாது, ஏனென்றால் மேலே 15 வரியைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றை 4 நிமிடமாகவும் கடைசி இரண்டை 6 நிமிடமாகவும் வைத்தால் கணக்கு சரியாகிவிடும். இரண்டாவது, "விளம்பரம்", "சர்வீஸ்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவது. அடுத்தவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வினைச்சொல் உள்ள முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, கிறுக்கல் கையெழுத்து. "இது என்னங்க எழுதியிருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டாலே மௌனம் கலைந்து பேச்சு தொடங்கிவிடும்.

6 பேர் இல்லையென்றால்?

4 பேர் என்றால் 4 வரிசை போதும், 48 யோசனை கிடைக்கும். 12 பேர் என்றால் இரண்டு குழு. 3 பேர் மட்டுமே என்றால் தாளை இரண்டு முறை சுற்றவிடலாம், ஆனால் இரண்டாவது முறை அலுப்புத் தட்டும். 8 கட்ட வரைதல் (கீழே இருக்கிறது) அவர்களுக்குப் பொருத்தம்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் எழுதத் தயங்குவார்கள். கருவாடு, மீன் ஊறுகாய் செய்கிற மகளிர் குழு.

அப்படிப்பட்ட குழுவில் தாளை நீட்டினால் வழக்கமாக நடப்பது இது: தலைவியும் செயலாளரும் எழுதுவார்கள், மற்றவர்கள் "அவங்க சொல்றதுதாங்க எங்களுக்கும்" என்பார்கள். மீனை உப்பில் போட்டு வெயிலில் புரட்டி, காக்காய் விரட்டி, தெருத் தெருவாகத் தூக்கிப் போய் விற்கிறவர்களுக்குத் தெரிந்தது தாளில் ஏறவே ஏறாது.

இரண்டு பேருக்கு ஓர் எழுத்தர் போடுங்கள். குழுவுக்கு வெளியிலிருந்து, கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தால் நல்லது. எழுத்தருக்கு ஒரே கட்டளை: சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "மழ நாள்ல காய மாட்டேங்குது, நாறிப்போவுது" என்பதை "பதப்படுத்துதலில் உள்ள சவால்கள்" என்று மெருகேற்றி எழுதினால் விஷயம் செத்துவிடும். எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டி, "இதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஜோடிகளைத் தள்ளித் தள்ளி உட்காரவையுங்கள், ஒரு ஜோடி பேசுவது இன்னொன்றுக்குக் கேட்கக் கூடாது. பிறகு எழுத்தர்கள் தாளோடு இடம் மாற வேண்டும், ஜோடிகள் அசைய வேண்டாம். புது ஜோடியிடம் முன்பு எழுதியதைப் படித்துக்காட்டி மேலே கேட்க வேண்டும்.

எழுத்தரே கிடைக்கவில்லையென்றால் வாய்ஸ் மெசேஜ். ஆளுக்கு ஒரு மூலைக்குப் போய் 2 நிமிடம் ஒருங்கிணைப்பாளரின் போனுக்குப் பேசி அனுப்பட்டும். குழுவுக்கு வேண்டாம், அவருடைய தனி எண்ணுக்கு.

நாங்கள் செய்தோம். ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே மாதிரி யோசனைதான் வருகிறது.

முதல் 10 நிமிடத்தில் வருவது எல்லார் தலையிலும் மேலாக மிதப்பது. அது தீர்ந்த பிறகுதான் சரக்கு வரும், அதனால் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். நேரம் கொடுத்தும் வரவில்லையென்றால் இரண்டு வழி உண்டு.

*தலைகீழ்க் கேள்வி.* 15 நிமிடம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடை என்று வைத்துக்கொள்வோம். "வாடிக்கையாளரை எப்படித் தக்கவைப்பது?" என்பதைத் திருப்பி, "ஒரு தடவை வந்தவர் இந்தக் கடைப் பக்கமே எட்டிப்பார்க்கக் கூடாது, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். 7 நிமிடம் எழுத்து. அறையில் சிரிப்பு கிளம்பும். நல்லவிதமாகக் கேட்டால் யாரும் சொல்லாத குறைகள் எல்லாம் வேடிக்கை என்ற பெயரில் வெளியே வரும். "போன் அடிச்சா எடுக்கக் கூடாது", "சில்லறைக்குச் சாக்லேட் தரணும்", "இல்லாத மாத்திரையை நாளைக்கு வரும்னு நாலு நாள் அலையவிடணும்."

அடுத்த 8 நிமிடம்தான் முக்கியம், அதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "போனை எடுக்கக் கூடாது" என்பதை "போனை எடுக்க வேண்டும்" என்று திருப்பினால் அது யோசனை இல்லை, அறிவுரை. ஏன் எடுக்க முடிவதில்லை என்று ஒரு படி இறங்குங்கள். மாலை 6-லிருந்து 8 வரை பில் போடுகிறவரும் போன் எடுக்கிறவரும் ஒருவரே. அப்படியானால்? மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எடுத்து வைத்துவிட்டுத் தகவல் சொல்லலாம். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மதியம் கூட்டமில்லாத நேரத்திலேயே கட்டிப் பெயர் எழுதி வைக்கலாம். இவைதான் யோசனை.

*குருட்டுச் சொல்.* 10 நிமிடம். புதுவிதமாக யோசிப்பது பற்றிப் பல புத்தகங்கள் எழுதிய எட்வர்ட் டி போனோ சொல்லிக்கொடுத்த வழி. சம்பந்தமில்லாத ஒரு பெயர்ச்சொல்லைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதன் தன்மைகளை எழுதி, கேள்வியோடு முடிச்சுப் போடுவது. மஞ்சக்குப்பத்தில் ஒரு டியூஷன் சென்டர், பிள்ளைகள் நடு வருஷத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பது பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் வந்த சொல் 'கட்டுமரம்'. முதல் 3 நிமிடம் பிரச்சினையை மறந்துவிட்டுக் கட்டுமரத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்: ஆணி இல்லை, கயிற்றுக் கட்டு, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடலாம், அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும், அதனால் மூழ்காது.

இப்போது முடிச்சு. தண்ணீர் உள்ளே வந்தாலும் மூழ்காது: ஒரு வாரம் வராத பிள்ளை திரும்ப வந்து சேர்ந்துகொள்ளும்படி, ஒவ்வொரு வாரமும் தனித்து நிற்கும் பாடமாக அமைத்தால் என்ன? பிள்ளைகள் நிற்பதற்குக் காரணமே, காய்ச்சலோ திருவிழாவோ என்று நாலு நாள் விட்டுவிட்டால் பிறகு எட்டிப்பிடிக்க முடியாது என்ற பயமாக இருக்கலாம். அவிழ்த்துக் கட்டுவது: மாதத்துக்கு ஒருமுறை பேட்ச்சைக் கலைத்துப் போட்டால் என்ன?

சொல்லை மாற்ற அனுமதிக்காதீர்கள். "இது செட் ஆகல, வேற எடுப்போம்" என்று தோதான சொல் வரும்வரை குலுக்கினால், ஏற்கெனவே தலையில் இருந்த யோசனைக்குப் பொருந்தும் சொல்லைத்தான் தேடுகிறோம் என்று அர்த்தம்.

ஸ்கேம்பர் என்கிறார்களே, அது என்ன?

ஆஸ்பார்னின் கேள்விப் பட்டியலைச் சுருக்கி அமெரிக்கக் கல்வியாளர் பாப் எபர்லி 1971-ல் 7 கேள்வியாக்கினார். ஒன்றுக்குப் பதில் வேறு ஒன்றை வை, சேர், வேறு இடத்திலிருந்து எடுத்துப் பொருத்து, பெரிதாக்கு அல்லது சிறிதாக்கு, வேறு வேலைக்குப் பயன்படுத்து, எடுத்துவிடு, தலைகீழாக்கு. ஏற்கெனவே கையில் ஒரு பொருள் இருந்தால்தான் இது உதவும். வெறுங்கையில் முழம் போட முடியாது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையைத் திருகி எடுத்ததும் பழம் தோப்பிலேயே கிடந்து வீணாவது வழக்கம். டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் தொண்டையைப் பிடிக்கும், பறித்த ஒரு நாளுக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். சேர்: மாம்பழச் சாற்றோடு கலந்தால் கரகரப்பு அடங்குமா? பொருத்து: நெல்லிக்காயைச் சர்க்கரைப் பாகில் போடும் முறை இதற்கு ஒத்துவருமா? வேறு வேலை: மாட்டுத் தீவனம், மண்புழு உரம். எடுத்துவிடு: தோப்பிலிருந்து யூனிட் வரை வரும் லாரிப் பயணத்தை எடுத்துவிட்டால்? தலைகீழ்: பழம் யூனிட்டுக்கு வராமல், பருவம் முடியும் வரை சாறு பிழியும் இயந்திரம் தோப்புக்குப் போனால்? கோவாவில் இதில்தான் ஃபெனி காய்ச்சுகிறார்கள் என்று யாராவது எழுதுவார். எழுதட்டும். இங்கே அது உரிம விவகாரம் என்றாலும், வினிகர் போட்டால் என்ன என்ற எண்ணம் அந்த வரியிலிருந்துதான் பிறக்கும்.

7 கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். 3 எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு 4 நிமிடம். 'எடுத்துவிடு', 'தலைகீழாக்கு' இரண்டும் அதில் கட்டாயம் இருக்கட்டும். 'சேர்' கேள்விக்கு எல்லாரும் சுலபமாகப் பதில் எழுதிவிடுவார்கள், இந்த இரண்டில்தான் பேனா தயங்கும்.

வரைந்து யோசிக்கிற பயிற்சி ஏதாவது?

8 கட்டம், 8 நிமிடம். ஏ4 தாளை மூன்று முறை பாதிப் பாதியாக மடித்தால் 8 கட்டம் விழும். ஒரு நிமிடத்துக்கு ஒரு படம். படம் என்றால் கோடு, கட்டம், குச்சி மனிதன், அவ்வளவுதான். கூகுளின் முதலீட்டுப் பிரிவில் வடிவமைப்பாளர்கள் பரப்பிய முறை இது. பேக்கிங், கடை அமைப்பு, செயலித் திரை, நோட்டீஸ் போன்ற கண்ணால் பார்க்கும் பொருளுக்கு நன்றாக வேலை செய்யும். சம்பளக் கணக்கு, விடுப்பு விதி மாதிரியான விஷயத்துக்கு ஆகாது. 5-வது கட்டத்தில் பலருக்கும் நின்றுவிடும். அப்போது, "முதல் கட்டத்தில் இருப்பதையே பணமில்லாத ஒருவர் செய்தால் எப்படி இருக்கும் என்று வரையுங்கள்" என்று தூண்டிவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஏதாவது விளையாட்டு வைக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. கை தட்டு, எழுந்து நில், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடி வகையறா விளையாட்டுகளால் 45 வயதுக்காரர்கள் நெளிவதுதான் மிச்சம். கூச்சம் அதிகமுள்ள குழு என்றால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாப் மெக்கிம் வழக்கத்துக்குக் கொண்டுவந்த 30 வட்டம் வையுங்கள். 30 வட்டம் அச்சடித்த தாள், 3 நிமிடம், முடிந்தவரை எத்தனை வட்டத்தை ஏதாவது ஒரு பொருளாக்க முடியுமோ ஆக்க வேண்டும். இட்லி, சக்கரம், பொட்டு, ஆயி மண்டபத்தை மேலிருந்து பார்த்தால்... எதுவானாலும் சரி.

முதலாளியோ மேடமோ உட்கார்ந்திருந்தால் யாரும் எழுதுவதே இல்லை.

யோசனைக்குப் பெரிய தடையே இதுதான், வேறு எதுவும் இதற்கு அருகில் வராது. நம் இடங்களில் முதலாளி என்பவர் முதலாளி மட்டும் இல்லை. அண்ணன், மாமா, ஊர்க்காரர், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸுக்கு முன்பணம் கொடுத்தவர். அவர் முகம் சுளித்தால் அதன் விலை என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் 30 நிமிடம் வெளியே போய்விடுவது சிறந்தது. போக மாட்டார் என்றால் அவரும் மற்றவர்கள் மாதிரியே தாளும் பேனாவுமாக எழுதட்டும். முடிந்ததும் தாள்களைக் குலுக்கி, வெளியாள் ஒருவரோ புதிதாகச் சேர்ந்தவரோ எல்லாவற்றையும் உரக்கப் படிக்க வேண்டும். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. பேச்சு தொடங்கும்போது வேலைக்குச் சேர்ந்து குறைந்த காலம் ஆனவர் முதலில், முதலாளி கடைசியில். முதலில் அவர் பேசிவிட்டால் பிறகு வருவதெல்லாம் "சார் சொன்ன மாதிரி..." என்றுதான் தொடங்கும்.

முதலாளியிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவைக்க வேண்டியவை இரண்டு. "இதெல்லாம் ஏற்கெனவே பண்ணிப் பார்த்தாச்சு" என்று சொல்லக் கூடாது. ஒரு யோசனையைக் கேட்டதும் "சூப்பர்" என்றும் சொல்லக் கூடாது. அவருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்த நிமிடமே எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

அப்படியானால் குறையே சொல்லக் கூடாதா?

எழுதும்போது கூடாது. பேசும்போது தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 2004-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஓர் ஆய்வில் குழுக்களிடம் "ஒருவருக்கொருவர் மறுத்து வாதாடுங்கள்" என்றே சொல்லிப் பார்த்தார்கள். "குறை சொல்லாதீர்கள்" என்று சொல்லப்பட்ட குழுக்களைவிட அவர்கள் பின்தங்கவில்லை. கூடுதலாகவே யோசனை கொண்டுவந்தார்கள். மறுப்பு யோசனையின்மேல் இருக்க வேண்டும், ஆள்மேல் போகக் கூடாது. "இது நடக்காது" என்பதோடு நிறுத்தவிடாதீர்கள், "எது மாறினால் நடக்கும்?" என்று அவரையே முடிக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்ஆப் குழுவிலேயே கேட்டுவிடலாமே?

குழுவில் கேட்டால் முதலில் பதில் போடுகிறவர்தான் திசையைத் தீர்மானிப்பார். மற்றவர்கள் கட்டைவிரல் போடுவார்கள். கேள்வியைக் குழுவில் போடுங்கள். பதிலை மறுநாள் மாலைக்குள் ஒருவருடைய தனி எண்ணுக்கு, ஆளுக்கு 3 என்று அனுப்பச் சொல்லுங்கள். அவர் பெயரில்லாமல் தொகுத்துக் குழுவில் போட்டதும், "இதைப் படித்துவிட்டு ஆளுக்கு இன்னும் 2" என்று இரண்டாம் சுற்று. வாட்ஸ்ஆப்பில் இருக்கும் வாக்கெடுப்பு (Poll) வசதியில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தெரியும், ஆகவே தேர்வுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். மின்னஞ்சல் கேட்காத கூகுள் ஃபார்ம் அதைவிட நல்லது.

ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் 100 யோசனை தருகிறதே?

தரும். பக்கத்து விடுதிக்காரருக்கும் ஏறக்குறைய அதையேதான் தரும். சிறுகதை எழுதுவதில் ஏ.ஐ. உதவியைச் சோதித்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், உதவி பெற்றவர்களின் கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் மெருகேறியிருந்தன, ஆனால் ஒன்றையொன்று ஒத்திருந்தன. உங்கள் ஆட்கள் எழுதி முடித்த பிறகு, விட்டுப்போன ரகம் ஏதாவது உண்டா என்று பார்க்கக் கேளுங்கள். முன்னால் கேட்டால் அதன் பட்டியலையே திருப்பி எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

100 யோசனை கையில் இருக்கிறது. எப்படிப் பொறுக்குவது?

முதலில் ஓட்டுக்குப் போகாதீர்கள். ஒரே யோசனை நாலு சீட்டில் நாலு விதமாக எழுதியிருந்தால் அதன் ஓட்டு சிதறி, சுமாரான வேறொன்று ஜெயித்துவிடும். தாளைக் கட்டம் கட்டமாக வெட்டி, தரையில் பரப்பி, எல்லாரும் பேசாமல் ஒன்றுபோல் இருப்பதை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நகர்த்துங்கள். 10 நிமிடம். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடா தன் களக் குறிப்புகளை அடுக்க உருவாக்கிய வழி இது. குவியலுக்குப் பெயர் கடைசியில்தான் வைக்க வேண்டும். முன்னாலேயே 'மார்க்கெட்டிங்', 'சர்வீஸ்' என்று டப்பா வைத்தால் எதிலும் சேராத விசித்திரமான சீட்டு தொலைந்துபோகும், பல சமயம் நல்லது அதுதான்.

பிறகு ஓட்டு. ஆளுக்கு 3. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கினால் ஒரு குழுவுக்குத் தாராளம். ஆனால் நேராகப் போய் ஒட்டவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தன் 3 தேர்வையும் துண்டுச் சீட்டில் எழுதி முடித்த பிறகு, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒட்ட வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே பொட்டு விழுந்த இடத்திலேயே பொட்டு விழும். இரண்டு நிறம் வைத்துக்கொள்வது நல்லது: 'அடுத்த வாரமே செய்யலாம்' என்பதற்குச் சிவப்பு 2, 'கஷ்டம்தான், ஆனா விட மனசில்ல' என்பதற்குக் கறுப்பு 1. கறுப்பு இல்லாவிட்டால் எப்போதும் பத்திரமான யோசனையே ஜெயிக்கும்.

தேர்ந்தெடுத்ததை உடனே தொடங்கிவிடலாமா?

அதற்கு முன் 10 நிமிடம் செலவழியுங்கள். உளவியலாளர் கேரி க்ளைன் சொல்லும் முன்கூட்டிய பிரேதப் பரிசோதனை: "ஆறு மாதம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் படுத்துவிட்டது. ஏன்?" என்று கேட்டு எல்லாரையும் காரணம் எழுதச் சொல்வது. "என்ன தப்பு நடக்கலாம்?" என்று கேட்டால் தயங்குவார்கள், நடந்துவிட்டது என்று வைத்துக் கேட்டால் கொட்டுவார்கள். நம் கடற்கரையில் அடிக்கடி வெளிவரும் ஒரு காரணம் தேதி. புத்தாண்டுக் கூட்டத்தை நம்பி டிசம்பரில் வெளியரங்கத் திட்டம் போடுகிறவர்களுக்கு, 'தானே' புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 என்றும், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 என்றும் யாராவது ஒருவர் எழுதிக் காட்டுவார்.

பிறகு சின்னதாக ஒரு சோதனை. அந்த விடுதியின் ஜிப்மர் யோசனைக்கு 8 அறையும் வேண்டாம். தரைத்தளத்தில் 2 அறை, 3 வாரம், திங்கள் முதல் வியாழன் வரை. பொறுப்பு ஒரே ஒருவர். செலவுக்கு ஓர் உச்சவரம்பு, உதாரணத்துக்கு ₹3,000. எத்தனை இரவு நிரம்பினால் தொடர்வது, எத்தனைக்குக் கீழே போனால் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். 3 வாரத்தில் மொத்தம் 24 அறை-இரவு. 10 நிரம்பினால் தொடரலாம் என்று முன்னாலேயே முடிவெடுத்துவிட்டால், பிறகு 4 நிரம்பியபோது "பரவாயில்ல, இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்" என்று இழுக்க முடியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்யலாம்?

நல்ல கேள்வி கிடைக்கும்போது. "முதல் சனிக்கிழமை" என்று காலண்டரில் போட்டுவிட்டால் மூன்றாவது மாதமே சடங்காகிவிடும்.

எழுதிய தாள்களை என்ன செய்வது?

கூட்டம் முடிந்த கையோடு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குவியலாகப் போட்டோ எடுங்கள். தாளின் மேல் தேதியும் கேள்வியும் இருக்கட்டும். தாள்களை ஒரு உறையில் போட்டு வையுங்கள். இன்று ஆகாத யோசனை, ஆளோ இயந்திரமோ மாறினால் நாளை ஆகலாம்.

ஒரு வாரத்துக்குள் குழுவுக்குப் பதில் போக வேண்டும்: எது எடுத்துக்கொள்ளப்பட்டது, யார் பொறுப்பு, எது எடுத்துக்கொள்ளப்படவில்லை. எடுத்துக்கொள்ளாத ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வரியில் காரணம். "லைசென்ஸ் வேணும்", "ஃப்ரீசர் வாங்கக் காசு இல்ல, ஏப்ரல்ல பாக்கலாம்" என்ற அளவுக்குப் போதும். அந்த ஒரு வரி வராத இடங்களில் அடுத்த முறை தாள் பாதி வெள்ளையாகவே திரும்பி வரும்.